குளிரில் கோடை டயர்: செட்டிநாட்டிலிருந்து கிளம்பும் வேகக் கார்களுக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு டயரின் சூட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. மார்கழி விடியலிலும் காரைக்குடியில் வெப்பநிலை 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது. சித்திரை, வைகாசியிலோ தார்ச்சாலையே டயரைச் சூடேற்றிக் கொடுத்துவிடும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்து, ஊர் எல்லை தாண்டியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், வண்டி சொன்னபடி கேட்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடைக்கானலின் தை மாதக் காலையிலோ, ஸ்டுட்கார்ட்டின் நவம்பர் மாலையிலோ ஓட்டும்போதுதான், அதே வண்டியும் அதே டயரும் வேறு குணம் காட்டுகின்றன.

இந்த வழிகாட்டி இரண்டு தரப்பினரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. சக்தி மிகுந்த காரை ஊரில் வைத்துக்கொண்டு, மார்கழி, தை மாதங்களில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ ஏறுகிறவர்கள் ஒரு தரப்பு. படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி, இங்கிலாந்து, கனடா என்று போய், அங்கே ஆசைப்பட்டு ஒரு வேகக் காரை வாங்கி, முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப்போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு தரப்பு. இரு தரப்பினரும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: ரப்பர் இப்போது எவ்வளவு குளிர்ந்திருக்கிறது? சாலை ஈரமா, காய்ந்ததா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., பி.எம்.டபிள்யூ. எம்340ஐ, போர்ஷே 911 போன்ற வண்டிகளில் கம்பெனியே பொருத்தித் தரும் டயர்கள் பெரும்பாலும் கோடை டயர்கள்தாம், அதாவது சூடான சாலைக்கென்று ரப்பர் கலவை அமைத்த டயர்கள். சந்தேகமாக இருந்தால் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளுமாக முத்திரை இருந்தால், அது பனிச்சாலைச் சோதனையில் தேறிய டயர். எம்+எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால், பட்டன் (டயரின் மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் கட்டங்கள்) அமைப்பு சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்கிறார், அவ்வளவே. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் கட்டாயச் சோதனை எதுவும் இல்லை. இரண்டுமே இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது கோடை டயர் என்றே கொள்ளுங்கள். தேய்மான அளவைக் குறிக்கும் ட்ரெட்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 200 அல்லது அதற்கும் குறைந்த எண் இருந்தால், பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட டயராக இருக்க வாய்ப்பு அதிகம். எண் குறைவு என்றால் ரப்பர் மென்மை, மென்மை என்றால் எப்போதும் பிடிப்பு என்று நம்மவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. அந்த மென்மை சூட்டில்தான் வெளிப்படும். குளிரில் முதலில் இறுகுவது இந்த வகைதான்.

டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். செட்டிநாட்டுக்கு இது மிகவும் பொருந்தும் எச்சரிக்கை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மட்டும் ஊருக்கு வந்து வண்டியை எடுக்கும் குடும்பங்கள் இங்கே பல உண்டு. அந்த வண்டிகளின் டயரில் பட்டன் தேய்ந்திருக்காது. பார்க்கப் புதிது போலவே இருக்கும். ஆனால் ஷெட்டில் கோடைக்குக் கோடை வெந்த ரப்பர், வயதுக்கு ஏற்ப இறுகித்தான் போயிருக்கும். காரைக்குடிச் சூட்டில் அந்த இறுக்கம் வெளியே தெரியாமல் மறைந்துகிடக்கும், மலைக் குளிரில் முழுதாக வெளிப்படும். ஆறு வயதைத் தாண்டிய டயரோடு வேகக் காரை மலைக்கு ஏற்ற வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வரை பட்டனை அனுமதிக்கிறது. மழையும் மூடுபனியும் உள்ள மலைச்சாலைக்கு 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்.

7 டிகிரிக்குக் கீழே என்ன நடக்கிறது

டயர் சாலையைப் பிடிப்பது, ரப்பர் நெளிந்து, சாலைக் கற்களின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கி, மீண்டு வருவதால்தான். சூட்டில் குழையாமல் தாக்குப்பிடிக்கவும், அதிவேகத்தில் வடிவம் மாறாமல் நிற்கவும் கோடை டயரின் கலவையை அமைத்திருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலையாக, குளிர் கூடும்போது அது மற்ற டயர்களைவிட முன்னதாகவே நெளியும் குணத்தை இழக்கத் தொடங்குகிறது. டயர் உலகில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 7 டிகிரி. அதைக் கோடு கிழித்த எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 12 டிகிரியிலேயே வித்தியாசம் தொடங்கிவிடும், 7-க்குக் கீழே அது ஓட்டுநரின் உடம்புக்கே தெரியும். மலை ஊரில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் உறைந்தால் கண்ணால் பார்த்து அறிந்துகொள்கிறோம். ரப்பர் இறுகுவதற்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது, அதே கறுப்பு, அதே பளபளப்பு.

பல ஜெர்மன் கார்கள் 3 அல்லது 4 டிகிரியில் ஒரு மணியடித்து, டேஷ்போர்டில் பனித்துகள் படம் காட்டும். அது சாலையில் பனிக்கட்டி படிந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை. உங்கள் டயர் அதற்கு வெகு முன்பே பலவீனமாகிவிட்டிருக்கும். ஆகவே அந்த மணிக்குக் காத்திராமல், வெளி வெப்பநிலை எண்ணை நீங்களே அவ்வப்போது பாருங்கள். இன்ஜின் சூடாகிவிட்டது என்பதை டயர் தயாராகிவிட்டது என்று பொருள்கொள்வதும் பரவலான பிழை. தண்ணீர் 90 டிகிரியைத் தொட்டிருக்கும், ஆயிலும் சூடேறியிருக்கும். டயரோ இன்னும் ராத்திரிக் குளிரிலேயே இருக்கும். டயர் வெப்பநிலையைத் திரையில் காட்டும் வண்டி உங்களுடையது என்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. டர்போ இன்ஜினுக்கு அது விருந்து. ஐரோப்பாவின் சமவெளியில் 5 டிகிரிக் காலையில் இன்ஜின் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இழுக்கும். இன்ஜின் தன் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் டயர் தன் அடித்தட்டில் இருக்கிறது. எம்340ஐ போன்ற வண்டியின் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை சக்கரத்துக்கு வந்து சேரும் அந்தக் கணத்தில், பிடிப்பு குறைந்திருப்பதைச் சொல்ல வேறு எதுவும் இருக்காது.

காற்றழுத்தக் கணக்கு

மலைக்குப் போகும் கார்களில் நான் காணும் குறைகளில் பெரும்பகுதி காற்றழுத்தத்தில்தான் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பொதுவிதி, வெப்பநிலை ஆறு டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும் என்பது. காரைக்குடியில் 30 டிகிரி வெப்பத்தில், ஓடாமல் ஆறியிருந்த டயரில் 33 பி.எஸ்.ஐ. பிடித்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று போய், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலை அடைந்து, ஓர் இரவு வண்டியை நிறுத்துகிறீர்கள். மறுநாள் காலை 8 டிகிரி. குளிர் மட்டும் கணக்கு என்றால் அழுத்தம் மூன்றரை பி.எஸ்.ஐ. குறைந்திருக்க வேண்டும். ஆனால் உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. கொடைக்கானல் உயரத்தில் கடல்மட்டத்தைவிட அது மூன்று பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் குறைவு. கையிலிருக்கும் அளவுமானி டயரின் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. ஆகவே குளிர் குறைத்ததை உயரம் ஈடுகட்டி, காலையில் ஏறத்தாழ அதே 33-ஐத்தான் அளவுமானி காட்டும். ஊரில் சரியாகக் காற்று பிடித்து வந்தவர் மலையில் எதையும் தொட வேண்டியதில்லை.

கெடுதல் வருவது தொட்டால்தான். மலையேறி வந்த கையோடு, டயர் சூடாக இருக்கும்போதே அளந்து பார்த்தால் 38, 39 என்று காட்டும்; ஏற்றத்தின் சூடும் உயரமும் சேர்ந்து காட்டும் எண் அது. அதைக் கண்டு பயந்து 33-க்குக் காற்றை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலைக் குளிரில் அந்த டயரில் இருப்பது 28-க்கும் கீழே. குளிர்ந்து இறுகிய ரப்பரோடு காற்றும் குறைந்த நிலையில், ஆச்சியையும் பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி மலையிறங்குகிறது. இறங்கி வந்து ஊர் வெயிலில் ஆறிய பிறகு அளந்தாலும் 28-ஐத் தொடாது. சூடான டயரிலிருந்து காற்றை எடுக்காதீர்கள்; இந்த ஒரு விதியை மட்டுமாவது வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கடல்மட்டத்தை ஒட்டிய குளிர் ஊர்களில் உயரத்தின் ஈடு கிடையாது. 20 டிகிரியில் காற்று பிடித்த டயர், உறைநிலைக்கு 5 டிகிரி கீழே போனால் 4 பி.எஸ்.ஐ. இழந்திருக்கும். அங்கே வாரம் ஒருமுறையாவது, ஓட்டுவதற்கு முன், ஆறிய டயரில் அளந்து, கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி நிரப்ப வேண்டும். பிடிப்பு கூடும் என்று குளிரில் காற்றைக் குறைத்து ஓட்டும் யோசனை பந்தயத் தடத்திலிருந்து வந்தது. பொதுச்சாலைக்கு அது ஒத்துவராது.

மலையில் முதல் இருபது நிமிடம்

கொடைக்கானலில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பும் வண்டிக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. ஏறும்போது டயர் சூடாக நேரம் கிடைக்கிறது; இறங்கும்போதோ ஊரை விட்டு வெளியே வந்ததுமே இறக்கமும் வளைவும் தொடங்கிவிடுகின்றன. வெள்ளி அருவியைத் தாண்டிப் பெருமாள்மலை வரை, மர நிழலில் காயாத ஈரமும் ஓரங்களில் பாசியும் இருக்கும் சாலையில், முழுக்கக் குளிர்ந்த டயரோடு பிரேக் பிடித்து வளைய வேண்டியிருக்கும். முடிந்தால் வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்புவது நல்லது. ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் விடியலில் உறைபனி படியும் நாட்களில் இதை யோசனையாகச் சொல்லாமல் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

வண்டியை எடுக்கும்போதே டயர் உங்களிடம் பேசும். தங்கும் விடுதியின் நிறுத்துமிடத்திலிருந்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வெளியே எடுக்கையில், முன்சக்கரங்கள் உருளாமல் சிறு சிறு துள்ளலாகத் தத்துவதையும், 'கடக் கடக்' என்ற உதறல் ஸ்டீயரிங் வழியே கைக்கு வருவதையும் அகல டயர் போட்ட வேகக் கார்களில் உணரலாம். ஏதோ உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஒடித்த நிலையில் இரண்டு முன்சக்கரங்களும் வெவ்வேறு வட்டத்தில் உருள வேண்டும். இளகிய ரப்பர் அந்த வித்தியாசத்தை நெளிந்து சமாளிக்கும், இறுகிய ரப்பர் நெளிய முடியாமல் வழுக்கி வழுக்கி விழுகிறது. சேதம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் துள்ளல் வந்தால் பிடிப்பு குறைந்த டயரோடு கிளம்புகிறீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஓட்டும் முறையைப் பொறுத்தவரை, ஸ்போர்ட் நிலையை அணைத்துவிட்டு கம்ஃபர்ட் நிலையிலோ, இருந்தால் ஈரச்சாலை நிலையிலோ வையுங்கள். ஆக்சிலரேட்டரின் கூர்மை குறையும், கியர் சீக்கிரம் மேலே போகும். வழுக்கல் தடுப்பு அமைப்புகளை எக்காரணம் கொண்டும் அணைக்கக்கூடாது. அதே சமயம் அவை இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தருபவை என்ற நம்பிக்கையும் கூடாது. இருக்கும் பிடிப்பைப் பங்கிடுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. நான்கு சக்கர இழுவைக்கும் இதே கதிதான்: அது கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கும் வளைவதற்கும் நான்கு டயரும் என்ன தருகின்றனவோ அதுதான்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது, முதலில் மென்மையாகத் தொட்டுப் பிறகு அழுத்தி, வேகத்தைக் குறைத்துவிட்டு வளையுங்கள். வளைவுக்குள் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகும்; 911 போன்ற, இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டிகளில் இதன் விளைவு கடுமையானது. இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜின் பிடிப்பில் இறங்குவது சரியான முறை. ஆனால் பின்சக்கர இழுவை வண்டியில் கியரைத் திடீரென்று இரண்டு படி குறைத்தால் குளிர்ந்த பின்டயர்கள் ஒரு கணம் வழுக்கும், ஆகவே ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டே, அந்த அளவுக்குத்தான் ஆக்சிலரேட்டரைத் திறக்க வேண்டும்.

டயரைச் சூடேற்ற வண்டியைப் பாம்பு போல் வளைத்து ஓட்டுவது தொலைக்காட்சிப் பந்தயங்களில் பார்த்துப் பழகிய செயல். பொதுச்சாலையில் அது ஆபத்து என்பதோடு, அதனால் கிடைக்கும் சூடும் சொற்பம். பதினைந்து, இருபது நிமிடம் பொறுமையாக ஓட்டினாலே டயர் தன்னால் இளகும். பிறகு வழியில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு வந்தால் சூட்டில் பாதி போயிருக்கும், மறுபடியும் பொறுமையிலிருந்து தொடங்குங்கள். வெயில் விழும் சாலையிலிருந்து நிழலுக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் சாலை மாறிவிட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

அதையும் மீறி வழுக்கினால்: ஸ்டீயரிங்கை ஒடித்தும் வண்டி நேராகவே போனால், இன்னும் ஒடிக்காமல், காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்துங்கள், முன்டயர் மீண்டும் பிடிக்கும். பின்பக்கம் விலகினால், போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரைப் பதறாமல் குறையுங்கள்.

உறைநிலை நாடுகளில் இருப்பவர்களுக்கு

கொடைக்கானலில் கவனம் போதும். உறைநிலைக்குக் கீழே போகும் நாடுகளில் கவனம் மட்டும் போதாது, டயரையே மாற்ற வேண்டும். பனியிலும் பனிக்கட்டியிலும் கோடை டயரின் அகன்ற பட்டன்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. குளிர்கால டயரில் இருக்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இதில் கிடையாது. சட்டமும் இதைக் கவனிக்கிறது. ஜெர்மனியில் 2010 முதல், சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். 2024 அக்டோபர் முதல் அந்த மலை முத்திரை உள்ள டயர் மட்டுமே அதற்குச் செல்லும், பழைய எம்+எஸ் எழுத்து மட்டும் செல்லாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். இங்கிலாந்தில் அப்படிச் சட்டம் இல்லை என்பதால், அங்கே இருப்பவர்கள் தாங்களே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்ற ஜெர்மன் வழக்கம் அவர்களுக்கும் பொருத்தமான யோசனை.

இரண்டாவது டயர் தொகுதியைத் தனி ரிம்களோடு வாங்கிவிடுவதே நல்லது. ரிம் ஓர் அங்குலம் சிறியதாகவும், டயர் சற்றுக் குறுகலாகவும், பக்கச்சுவர் உயரமாகவும் இருக்கலாம். பள்ளங்களில் ரிம் அடிபடாது, செலவும் குறையும். வேகக் கார்களின் பிரேக் காலிப்பர் பெரியது என்பதால், சிறிய ரிம் அதற்கு மேல் உட்காருமா என்பதைத் தயாரிப்பாளரின் அங்கீகரித்த அளவுப் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, போல்ட்டுகளைச் சரியான முறுக்கு அளவில் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

முதல் குளிர் எதிர்பாராமல் வந்து, கோடை டயரோடு வண்டி வெளியே நின்றுவிட்டால் என்ன செய்வது? இதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. கடுங்குளிரில் பிடிப்பு போவதோடு ரப்பரிலேயே வெடிப்பு விழக்கூடும். மிஷெலின் தன் உயர்திறன் கோடை டயர்கள் சிலவற்றுக்கு, உறைநிலைக்கு 7 டிகிரி கீழே போனால் வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம் என்றும், டயரை 5 டிகிரிக்கு மேலான இடத்தில் 24 மணி நேரம் வைத்து மெல்லச் சூடேற விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. ஹீட்டரையோ சூடான காற்றையோ நேரடியாக டயரின் மேல் காட்டக்கூடாது. இழுத்துச் செல்லும் வண்டியை அழைப்பதற்கும் இதே தடை பொருந்தும், சக்கரம் உருண்டால் ரப்பர் நெளியும். வானிலை அறிக்கையில் அப்படி ஓர் இரவு தெரிந்தால், முந்தின நாளே வண்டியை மூடிய கராஜுக்குள் கொண்டுபோய் விடுங்கள்.

கழற்றிய கோடை டயர்களை ஒவ்வொன்றும் எந்தச் சக்கரம் என்று சாக்கட்டியால் எழுதி, வெயிலும் உறைகுளிரும் படாத, மோட்டாரோ வெல்டிங்கோ ஓடாத அறையில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிறுத்தி வைத்து மாதம் ஒருமுறை சற்றே சுழற்றிவிட வேண்டும். வசந்தத்தில் மீண்டும் மாட்டும் முன், நல்ல வெளிச்சத்தில் பட்டன்களுக்கு இடையிலான பள்ளங்களின் அடிப்பகுதியையும், வெளிவிளிம்புப் பட்டன்களின் மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். தலைமுடி போன்ற கீறல் பள்ளத்தின் ஓட்டத்தோடு நீண்டு போனாலோ, மூலையில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தாலோ, பட்டன் எவ்வளவு மீதமிருந்தாலும் அந்த டயரை மாட்டாதீர்கள்.